அக்கா மணல் திட்டுக்குப் போன நாள்

என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். எழுத்துப் பிழையும் வரும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மன்னாரில் எங்களைச் சுற்றிக் காட்டிய வழிகாட்டித் தம்பி, பயணம் முடிந்ததும் ஒரு நோட்டுக் கொப்பியை நீட்டி, ஆளுக்கு நாலு வரி எழுதித் தரச் சொன்னார். என் முறை வந்தபோது மூக்குக் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன் என்றேன். கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது. அவரும் அதைப் பார்த்தார். கொப்பியை அடுத்தவரிடம் நீட்டினார். நாலு பேர் பார்க்க எழுதச் சொன்னால் எனக்குக் கை ஓடாது. பேசச் சொன்னால் வாய் ஓடாது. அவருக்குத் தர வேண்டிய அந்த நாலு வரியைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். நாலோடு நிற்காது போலத் தெரிகிறது.

நான் மஹய்யாவையில் இருக்கிறேன். கண்டி டவுனில் ஒரு இரும்புக் கடையில் ஆணி, கொண்டி, பூட்டு விற்பது என் வேலை. என் அக்கா ஹந்தானையில் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் இருக்கிறாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். கொழுந்து எடுத்தே அவள் விரல் நுனியெல்லாம் கறுத்துக் காய்த்துப் போய்விட்டது.

அக்காவுக்கு ஒரு கூட்டாளி இருந்தாள். இரண்டு பேரும் எப்போதும் அடுத்தடுத்த நிரையில்தான் கொழுந்து எடுப்பார்கள். ஒருத்தி பின்தங்கினால் மற்றவள் அவளுடைய நிரையிலும் கைபோட்டு இழுத்துக்கொண்டு போவாள். பிறகு தோட்டத்து ஆட்களில் யார் இந்த நாட்டில் இருக்கலாம், யார் இந்தியாவுக்குப் போக வேண்டும் என்று பிரிக்கிற பிரஜாவுரிமை விஷயம் வந்தது. எங்கள் குடும்பத்துக்கு இங்கே என்று ஆனது. கூட்டாளியின் குடும்பத்துக்கு இந்தியா என்று ஆனது. அவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனார்கள்.

இரண்டு மாதம் கழித்து நீல நிறத்தில் ஒரு கடுதாசி வந்தது. அவள் யாரையோ கொண்டு எழுதுவித்திருந்தாள். அக்காவுக்கு வாசிக்கத் தெரியாததால் நான்தான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். அதில் ஒரு இடத்தில் இப்படி இருந்தது: "நடுக்கடலில் மணல் மேடு மேடாக இருந்தது. அங்கே கப்பலை நிறுத்தியிருந்தால் இறங்கி உன்னிடம் நடந்தே வந்திருப்பேன்."

அந்த வரியை அக்கா மூன்று தரம் வாசிக்கச் சொன்னாள். பிறகு கடுதாசியை வாங்கி மடித்துவிட்டாள்.

"பதில் எழுதவா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேணாம். நடந்து வர்ற வழி இருந்திருக்கு. எறக்கி விடுங்கன்னு ஒரு வார்த்த கேக்கல. இப்ப கடுதாசி ஒரு கேடு" என்றாள்.

அது கோபம் என்றுதான் நான் அப்போது நினைத்தேன். வருத்தத்தைக் கோபமாகக் காட்டுகிறவர்கள் உண்டு என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவள் பதில் எழுதவே இல்லை. கல்யாணம் முடித்தாள், பிள்ளை பெற்றாள், புருசனை இழந்தாள். ஆனால் தொலைக்காட்சியில் கடலைக் காட்டினால் மட்டும் என்னைப் பார்த்து, "அந்த மணலு நெசமாவே இருக்குமாடா? நடக்க முடியுமா?" என்று கேட்பாள். எனக்கு எப்படித் தெரியும்?

அதனால்தான், மஹய்யாவையில் சிலர் சேர்ந்து வான் வண்டி பிடித்து மன்னார்த் தீவின் கடற்கரைகளையும் மணல் குன்றுகளையும் பார்க்கப் போகிறார்கள், படகில் நடுக்கடல் மணல் திட்டுக்கும் கூட்டிப் போவார்கள் என்று கேள்விப்பட்டதும் இரண்டு இடம் சொல்லி வைத்தேன். எல்லாமாக எட்டுப் பேர். வழிகாட்டித் தம்பி முன்கூட்டியே போனில் ஒன்று சொன்னார்: படகில் ஏறுகிற இடத்தில் அடையாள அட்டையைப் பார்ப்பார்கள், கட்டாயம் கொண்டுவர வேண்டும். நான் அக்காவிடம் சொன்னேன். சரி என்றாள்.

முதல் நாள் சாயங்காலம் மன்னாருக்குப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் மணல் குன்றுக்குக் கூட்டிப் போனார். பனை மரங்கள் இடுப்புவரை மணலில் புதைந்து நின்றன. எங்களோடு வந்த ஓய்வுபெற்ற கிளாக்கர் ஐயா உற்சாகமாக நேரே ஏறினார். மூன்று அடி ஏறி இரண்டு அடி சறுக்கினார். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தேயிலை மலையில் ஏறுகிற மாதிரி வளைந்து வளைந்து குறுக்கே நடந்து, எல்லோருக்கும் முன்னால் உச்சியில் போய் நின்றாள்.

"அம்மா இந்த ஊர் ஆள் மாதிரியெல்லோ ஏறுறா" என்றார் வழிகாட்டித் தம்பி.

"மண்ணு என்னா, மணலு என்னா. நேரா போனா எதுவும் தள்ளித்தான் விடும்" என்றாள் அக்கா. பிறகு நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு, "தம்பி, பீலி எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். எங்கள் மலையில் எந்த வளைவில் திரும்பினாலும் பீலியில் தண்ணீர் விழும். வெளியே போகும்போது தண்ணீர் கொண்டுபோகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. எட்டுப் பேரில் ஒருவரும் போத்தல் கொண்டுவரவில்லை. தம்பி சிரித்துக்கொண்டே தன்னுடைய போத்தலைக் கொடுத்தார்.

அங்கிருந்து படகு ஏறுகிற இடத்துக்குப் போனோம். "பத்து மணிக்குப் பிறகு காத்து எழும்பிடும். ஒன்பதரைக்குள்ள வெளிக்கிட வேணும். எல்லாரும் ஐடென்டியைக் கையில எடுங்கோ" என்றார் தம்பி. காவல் கொட்டிலில் சீருடையோடு இருந்த அதிகாரி ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்து எழுதிக்கொண்டார். அக்கா நீட்டியதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அது பிளாஸ்டிக் உறை போட்ட போட்டோக் கொப்பி.

இதை வைத்து அனுப்ப முடியாது என்று அவர் சிங்களத்தில் சொன்னார். குரலில் அதட்டல் இல்லை.

"அசல் எங்க அக்கா?" என்றேன்.

"பொட்டியில."

"கொண்டுவரச் சொன்னேன்ல?"

"கடலுக்குப் போறோம்னு நீதானே சொன்ன? அசலக் கொண்டாந்து அது தண்ணியில விழுந்துருச்சுன்னா? அத வாங்க நான் எத்தன வருசம் நடந்தேன்னு ஒனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். அந்த அட்டை கையில் கிடைத்தபோது அவளுக்குப் பாதித் தலை நரைத்திருந்தது. எழுதிக் கொடுத்த பேர் தப்பு, பிறந்த ஊர் தப்பு என்று திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் சம்பளம் போகும். எங்கள் லயத்து ஆட்களில் அந்த வயதுக்காரர்கள் யாருமே அசலை வெளியே எடுப்பதில்லை. ஆஸ்பத்திரிக்கும் கொப்பி, வங்கிக்கும் முதலில் கொப்பி, கேட்டால்தான் அசல். அது அட்டை இல்லை, உயிர்.

"நல்ல மனுசி போ! மத்தவங்க நகலப் பொட்டியில வச்சிட்டு அசலக் கொண்டாருவாங்க" என்றார் கிளாக்கர் ஐயா.

அக்கா கடலைப் பார்த்தாள். பிறகு, "நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கன உக்காந்திருக்கேன். நீ பாத்துட்டு வந்து சொல்லுடா" என்றாள் என்னிடம். கொட்டிலின் நிழலில் போய் உட்கார்ந்தும் விட்டாள். இத்தனை வருசம் கேட்ட கேள்வியை என் கையில் கொடுத்துவிட்டு அவள் அப்படி உட்கார்ந்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

அதிகாரிமாருக்கு முன்னால் நான் வாய் திறந்ததில்லை. அன்றைக்கு எப்படியோ போய் நின்றேன். கொட்டிலுக்கு வெளியே மூன்று தரம் தொண்டையைச் செருமினேன். என் அட்டையை மேசையில் வைத்து, "இதை வைத்துக்கொள்ளுங்கள், நானும் இங்கேயே நிற்கிறேன். அக்கா போய் வரட்டும்" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது அடகுக்கடை இல்லை, ஐயா" என்றார். எனக்கு முகம் சுட்டது. திரும்பி நடந்தேன். அவரே கூப்பிட்டார். வீட்டில் யாராவது அசலை எடுத்து வீடியோவில் இரண்டு பக்கமும் காட்டினால் மேலே கேட்டுப் பார்க்கிறேன் என்றார். தன்னுடைய அம்மாவும் அடையாள அட்டையைத் தலையணை உறைக்குள்தான் வைத்திருக்கிறாள் என்றும் சொன்னார்.

வழிகாட்டித் தம்பி தன் போனிலேயே அக்காவின் மருமகளுக்கு எடுத்துக் கொடுத்தார். அவள் தகரப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். "பூட்டியிருக்கே அத்தை. சாவி எங்க?"

அக்கா கழுத்துக் கயிற்றைப் பிடித்துப் பார்த்தாள். சாவி மன்னாரில் இருந்தது.

மணி ஒன்பது தாண்டிவிட்டது. மற்றவர்கள் மிதவைச் சட்டை மாட்டத் தொடங்கிவிட்டார்கள். போனில் ணங் ணங் என்று சத்தம் கேட்டது. மருமகள் அம்மிக் குழவியால் பூட்டை அடித்துக்கொண்டிருந்தாள்.

"பூட்டுல கை வைக்காத! அது ஒடையாது!" என்று நான் கத்தினேன். என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

"எப்படி மாமா சொல்றீங்க?"

"நான்தாம்மா வித்தேன்! கடையிலயே பெரிய பூட்டு அது!"

படகுக்காரர்கள் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கப்பட நேரமில்லை. பூட்டு எவ்வளவு பலமாக இருந்தாலும் தகரப் பெட்டியின் கொண்டி மெல்லியதுதான். அதைக் கடையில் வாங்க வருகிறவர்களிடம் நாங்கள் சொல்வதில்லை.

"செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி இருக்கா? அதோட முனையக் கொண்டிக்கு அடியில விடு. பக்கத்துல அடிச்சிருக்க ஆணியப் பாத்து நெம்பு."

"கொண்டிய நெம்பினா பொட்டி நாசமாப் போயிரும்டா" என்றாள் அக்கா.

எல்லோரும் அவளைப் பார்த்தோம். மருமகளும் போனுக்குள் கத்தியோடு காத்திருந்தாள். அந்தப் பெட்டியை அவளைத் தவிர யாரும் திறந்து நான் பார்த்ததில்லை. அக்கா ஒருதரம் படகைப் பார்த்தாள்.

"நெம்பச் சொல்லு."

கிரீச் என்று ஒரு சத்தம் வந்தது. மூடி திறந்தது. அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "மத்தத எல்லாம் கிளறாத! மேல செவப்புத் துணி இருக்கும். அதுக்குள்ள ஒரு பை. அதுக்குள்ள இன்னொரு பை. இல்ல, அதுக்குள்ளயும் ஒண்ணு இருக்கு. அடியில நீலக் கடுதாசி இருக்கும், அதத் தொடாத."

அட்டை போனில் தெரிந்தது. அதிகாரி முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், இலக்கத்தைப் போட்டோக் கொப்பியோடு ஒப்பிட்டார், யாருக்கோ போன் எடுத்துக் கதைத்தார். பிறகு அக்காவைப் பார்த்து, தமிழில், "போங்க அம்மா" என்றார்.

படகில் அரை மணி நேரம் போயிருப்போம். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். படகு நின்றதும் திறந்தாள். மணல் திட்டு, சோற்றுப் பானையைக் கவிழ்த்துவிட்டுப் போன மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. ஒரு மரம் இல்லை. பறவைகள் மட்டும் தண்ணீர் ஓரமாக நின்றன. தூரத்தில் இன்னொரு திட்டு, அதற்கப்பால் இன்னொன்று.

மற்றவர்கள் படம் எடுத்தார்கள். அக்கா இந்தியா இருக்கிற திசையைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் நாங்கள் வந்த பக்கமாகத் திரும்பி நின்றாள்.

"தம்பி, இங்கேருந்து நாம வந்த எடத்துக்கு நடந்து போவலாமா?" என்று வழிகாட்டியிடம் கேட்டாள்.

"என்னம்மா, பகிடியோ?"

"இல்ல. நெசமாத்தான் கேக்குறேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "ஏலாது அம்மா. ஒரு திட்டில இருந்து மற்றதுக்குச் சில நேரம் நடக்கலாம். அங்கால ஆழம். நீரோட்டம் ஆளை இழுத்துக்கொண்டு போயிடும். நல்லா நீந்தத் தெரிஞ்ச ஆக்களே இறங்க மாட்டினம்."

அக்கா தண்ணீருக்குள் இறங்கினாள். முழங்கால் வரை வந்தது. இன்னும் ஒரு அடி வைத்தாள், இடுப்புக்கு வந்தது. நான் பாய்ந்துபோய்ப் பிடித்தேன். காலுக்கு அடியில் மணல் ஓடுவது எனக்கும் தெரிந்தது. அவள் என்னைப் பிடித்துக்கொண்டு ஏறிவந்து ஈர மணலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"நடக்க முடியாதுடா" என்றாள். "அவளால வந்திருக்கவே முடியாது. பாவி, ஒரு ஆசையில எழுதியிருக்கா. நான் நெசம்னு நெனச்சு..."

பிறகு அழுதாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. கிளாக்கர் ஐயா மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கள் ஆட்களில் இந்தக் கடலைப் பார்த்து அழுகிறவரிடம் காரணம் கேட்கத் தேவையில்லை.

படகுக்குக் கூப்பிட்டபோது அக்கா எழுந்து சேலையைப் பிழிந்தாள். "வீட்டுக்குப் போயி ஒரு பதில் எழுதணும்" என்றாள்.

"யாருக்கு அக்கா? இருக்காளோ என்னவோ. விலாசம் மாறியிருக்கும்."

"கடுதாசியில இருக்கிற விலாசத்துக்கே எழுது. அவ இல்லாட்டி அவ புள்ள வாசிக்கட்டும்."

அடுத்த ஞாயிறு ஹந்தானைக்குப் போய் எழுதினேன். அக்கா சொல்லச் சொல்ல ஒரு பக்கம் வந்தது. கொழுந்து விலை, யார் யார் செத்தது, பேரனுக்கு வேலை கிடைத்தது எல்லாம் சொன்னாள். கடைசியில், "அந்த மணலில் நானும் நின்றேன். தண்ணீர் ஆழம். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை" என்று எழுதச் சொன்னாள். பிழை நிறைய இருந்திருக்கும். அப்படியே தபாலில் போட்டேன்.

பதில் இன்னும் வரவில்லை. நான்தான் தபால்காரரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அக்கா அவசரப்படவில்லை. "நானே எத்தன வருசம் எடுத்தேன். அவ மெதுவா எழுதட்டும்" என்கிறாள்.

மஹய்யாவை, கண்டி.
2024 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை.