ஹேமலதா சொன்ன படகு

இதைக் கட்டுக்கதை என்பவர்கள் ஒரு தடவை நெல்லித்தோப்புக்கு வந்து ஹேமலதாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். போன மாசி மாதம் நடந்தது இது.

அவள் கணவர் நெடுமாறனின் இரண்டு கண்களையும் சர்க்கரை நோய் கொண்டுபோய்விட்டது. மனிதருக்குக் கடல் என்றால் உயிர். தினமும் மாலை கடற்கரைச் சாலையில் அதே கல் பெஞ்சு. அவள் பார்த்துச் சொல்வாள். அவர் மனதுக்குள் வரைந்துகொள்வார். ஒன்றையும் மறக்க மாட்டார்.

எத்தனை நாள்தான் அலையையே சொல்வது? அன்று அவள் போனில் மூழ்கியிருந்தாள். வாய்க்கு வந்ததை அளந்துவிட்டாள்.

"தூரத்துல ஒரு மஞ்சள் படகு நிக்குதுங்க. தலையில சிவப்புத் துண்டு கட்டின ஆளு கையாட்டுறான்."

அவர் முகம் மலர்ந்துபோனது. அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தாள்.

மறுநாள் அவரே ஆரம்பித்தார்.

"படகு இன்னிக்குக் கிட்ட வந்துருக்குல்ல?"

"ஆமாங்க."

கடலில் ஈ, காக்கை கூட இல்லை.

மூன்றாம் நாள்.

"கையாட்டுறத நிறுத்திட்டான் லதா. நம்மளையே பாக்குறான்."

அவளுக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் இனி அவள் சொல்லும் எந்தக் கடலை அவர் நம்புவார்? தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

நான்காம் நாள். மணி 6.25. கடல் கறுத்துக்கொண்டிருந்தது. காற்று சட்டென்று நின்றது.

கீழே, கருங்கற்களில் சத்தம்.

சளக்... சளக்...

எட்டிப் பார்த்தாள். யாருமில்லை.

"எறங்கிட்டான்," என்றார்.

"என்னங்க... அது பொய். படகே இல்ல. நான் சும்மா சொன்னேன்."

"அப்ப உன் பின்னால நிக்கறது யாரு?"

தோளில் ஒரு சொட்டுத் தண்ணீர்.

சில்லென்று...

அவள் திரும்பவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி, கண்ணில் பட்ட ஆட்டோவில் ஏறினாள். வீட்டுக் கதவைத் தாழிட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

அதன் பிறகு ஒரு வாரம் நெடுமாறன் கடலுக்குக் கூப்பிடவே இல்லை. மாலையானால் அறையில் தனியாக உட்கார்ந்து, எதையோ கேட்பவர்போல் தலையாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். பொய் சொன்ன கோபம் போலிருக்கிறது என்று அவள் தேற்றிக்கொண்டாள்.

எட்டாம் நாள் மார்க்கெட்டில், கடற்கரையில் சுண்டல் விற்கும் மண்ணாங்கட்டி எதிரே வந்தார்.

"என்னம்மா, பீச்சுப் பக்கமே காணோம்? உங்க சொந்தக்காரரு ஊருக்குப் போயிட்டாரா?"

"எந்தச் சொந்தக்காரரு?"

"சிவப்புத் துண்டு கட்டினவருதான். அன்னிக்கு ஈரத்தோட உங்க ஆட்டோவுல ஏறினாரே... ஐயா பக்கத்துல."