பூஜை மேசையில் ரிவால்வர்

2005 வாக்கில், கும்மிடிப்பூண்டியில் கைத்துப்பாக்கி லைசென்ஸ் வாங்கிய முதலாளிகளுக்கு அதைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி கொடுத்து வந்தேன். "மனுஷங்க பக்கம் முனையைக் காட்டாதீங்க" என்பதுதான் முதல் பாடம்.

என்னிடம் படித்த ஒருவர் ஆயுத பூஜைக்குத் தன் இரும்பு ஆலைக்கு அழைத்தார். ஸ்பேனர், சுத்தியலோடு அவருடைய ரிவால்வரும் சந்தனம் குங்குமம் வைத்து மேசையில் இருந்தது. அதன் முனைக்கு நேரே தொழிலாளர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து விபூதி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாய்ந்து போய் அதை எடுத்துத் திறந்தேன். உள்ளே குண்டுகள் இருந்தன.

"குண்டு இல்லாத துப்பாக்கிக்கு இன்னாத்துக்கு சார் பூஜை?" என்று முதலாளி சிரித்தார். "நீங்க சொல்லிக் குட்த்தத மறக்கல. சாமி படத்தப் பாத்துகினு இருந்துச்சி, நான்தான் இந்தப் பக்கம் திருப்பி வெச்சேன்."

அவர் நீட்டிய பொரிகடலையை மேசையிலேயே வைத்துவிட்டுக் குண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அவர் கணக்கில் யாரெல்லாம் மனுஷங்க என்று நான் கேட்டதே இல்லை.