கடல் தெரிகிற உயரம்

அலுவலகத்தில் அவரை லைட்ஹவுஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். ஊரில் ஏற்கெனவே ஒரு லைட்ஹவுஸ் இருந்தது. அது துறைமுகத்தோரம் ஒரே இடத்தில் நிற்கும், இவர் தெருத்தெருவாக நடப்பார், வித்தியாசம் அவ்வளவுதான். பேருந்தில் நின்றால் தலை கூரையில் இடிக்கும் என்பதால் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே வருவார். யாரோ சொல்வதை அக்கறையாகக் கேட்கிறவர் மாதிரி இருக்கும். அதை நம்பி, பக்கத்தில் நிற்பவர்கள் தங்கள் வீட்டுச் சண்டைகளையெல்லாம் அவரிடம் கொட்டிவிட்டு இறங்கிப் போவார்கள்.

நகரமைப்புப் பிரிவில் தெருக்களைத் தரம் பிரிப்பது அவருடைய வேலை. இது பிரதான தெரு, இது இணைப்புத் தெரு, இது குடியிருப்புத் தெரு என்று நேரில் போய்ப் பார்த்து முடிவு செய்து, வரைபடத்தில் வண்ணம் தீட்ட வேண்டும். சிவப்பு, மஞ்சள், பச்சை. இதில் அவர் கற்றுக்கொண்ட உண்மை ஒன்றே ஒன்று: தான் குடியிருப்பது சந்து என்று ஒப்புக்கொள்கிற மனிதர் உலகத்தில் கிடையாது. எதிர் எதிரே வரும் இரண்டு சைக்கிள்களில் ஒன்று இறங்கி வழிவிட வேண்டிய இடத்தில்கூட, "சார், இது மெயின் ரோடு மாதிரிதான் சார்" என்பார்கள். லைட்ஹவுஸ் கேட்டுக்கொள்வார். பிறகு பச்சை தீட்டுவார். பார்த்ததைத் தவிர வேறு எதையும் எழுத அவருக்கு வராது. அவர் மனைவி புதிதாக முடி வெட்டிக்கொண்டு வந்து "எப்படியிருக்கு?" என்று கேட்ட நாளிலிருந்து வீட்டிலும் இது எல்லோருக்கும் தெரியும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மேலடுக்கு வந்தது.

மேலடுக்கு என்பது ஒன்றுமில்லை. சாப்பாட்டு மேசையில் துணி விரித்து, அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பதில்லையா, அது மாதிரி. அடியில் இருக்கிற வரைபடம் சொல்லும் சட்டம் அப்படியே இருக்கும். அதன்மேல் கண்ணாடித்தாள் ஒன்றை விரித்து, அதில் எந்தெந்தத் தெருவின்மேல் கோடு விழுகிறதோ, அந்தத் தெருக்களுக்கு மட்டும் இன்னொரு சட்டம் கூடுதலாகச் சேரும். இந்தத் தாளின் பெயர் கடல்காட்சி மேலடுக்கு. தெருவின் நடுவில் ஒருவர் நின்று பார்த்தால் கடல் தெரிய வேண்டும். தெரிந்தால் அது கடல்காட்சித் தெரு. அங்கே மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேல் எதுவும் தலைகாட்டக் கூடாது. தண்ணீர்த் தொட்டி, தகரக் கொட்டகை, துணிக் கொடி எதுவும் கூடாது. பதிலுக்குக் கடைக்காரர்கள் வாசலில் நாற்காலி போட்டுக்கொள்ளலாம்.

'ஒருவர் நின்று பார்த்தால்' என்று எழுதினார்களே தவிர, எந்த ஒருவர் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பிரிவில் மற்றவர்களுக்கெல்லாம் உட்கார்ந்து செய்கிற வேலை. நிற்கிற ஆள் லைட்ஹவுஸ் ஒருவர்தான்.

அவர் கிளம்பினார். ஊரில் அதுவரை யாரும் கடலைப் பார்த்திராத இடங்களிலெல்லாம் கடல் தெரிய ஆரம்பித்தது. சந்தைக்குப் பின்னால் தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் தெரிந்தது. பஸ் டிப்போவில்கூடத் தெரிந்தது. அங்கங்கே மக்கள் வெளியே வந்து, எட்டிப் பார்த்து, "நம்ம தெருவுல கடலா? எப்ப வந்துச்சு?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். லைட்ஹவுஸுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. உயரமானவர்களுக்குத் தாங்கள் உயரம் என்பது வாசல் நிலையில் இடிக்கும்போதுதான் ஞாபகம் வரும். வெளியே வந்தால் மறந்துவிடும்.

கடைசியில் அவருடைய சொந்தத் தெருவின் முறை வந்தது.

அவர் இருந்தது மாமியார் வீட்டில். மாமியார், தங்கும் விடுதிகளுக்குத் துணி வெளுத்துக் கொடுப்பவர். படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு என்று மூட்டை மூட்டையாக வரும். அடித்துத் துவைக்கிற கல் கீழே, காயப்போடுகிற கொடிகள் மேலே. கடல்காற்றில் விரிப்புகள் அப்பளமாகக் காய்ந்துவிடும். மொட்டைமாடி இல்லாவிட்டால் அந்தத் தொழிலே இல்லை. கொடிகளை மாமியார் தன் கைக்கு எட்டுகிற உயரத்தில் கட்டியிருந்தார். ஆகவே மாப்பிள்ளை தன் சட்டையை எடுக்க மேலே போகும் ஒவ்வொரு காலையும், ஏதாவது ஒரு விடுதியின் ஈர விரிப்பு அவர் முகத்தில் அறைந்து வணக்கம் சொல்லும்.

தெருக்கோடியில் ஐஸ் ஃபேக்டரியின் மதில். லைட்ஹவுஸ் தெரு நடுவில் போய் நின்றார். மதிலுக்கு மேலே, நூல் பிடித்த மாதிரி, மெல்லிசாகக் கடல். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்போதும் இருந்தது.

அலுவலகத்துக்குத் திரும்பி அதிகாரியம்மாவிடம், "மேடம், இது எங்க தெரு. வேற யாராச்சும் பாத்தா நல்லாயிருக்கும்" என்றார்.

"வேற யாரு இருக்கா? தெரிஞ்சா தெரிஞ்சுதுன்னு போடுங்க, தெரியலைன்னா விடுங்க" என்று அந்த அம்மாள் தலையை நிமிர்த்தாமலே சொல்லிவிட்டார்.

லைட்ஹவுஸ் கோடு போட்டார். ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்ற அறிவிப்பை விளக்குக் கம்பத்தில் அவரே ஒட்டினார். அன்று ராத்திரி தட்டின் முன் உட்கார்ந்தபோது மாமியார் எதிரில் வந்து நின்றார்.

"மாப்ள, நம்ம தெருவுல கடல் தெரியுதாமே?"

"ஆமா அத்தை."

"எங்க?"

"ஐஸ் ஃபேக்டரி மதிலுக்கு மேல."

"இந்தத் தெருவுக்கு வந்து, உங்க பொண்டாட்டியப் பெத்து, வளத்து, உங்க கையில புடிச்சும் குடுத்தாச்சு. இன்னிக்கு வரைக்கும் எனக்கு அங்க மதிலுதான் தெரியுது."

"நான் பாத்ததை எழுதினேன் அத்தை."

"கொஞ்சம் கண்ணை மூடிக்கிட்டுப் பாத்திருக்கக் கூடாதா?"

"அம்மா, அவருக்கு அதெல்லாம் வராதும்மா" என்றார் மனைவி, தன் தலைமுடியைத் தடவிக்கொண்டே.

மறுநாள் காலை அலமாரியில் அவர் சட்டைகள் எல்லாம் ஒழுங்காக மடித்து அடுக்கப்பட்டிருந்தன. எல்லாம் சொட்டச் சொட்ட ஈரம்.

"என்ன அத்தை இது?"

"மாடியில காயப்போடக் கூடாதுன்னு மாப்ள கோடு போட்டுட்டாரே. நமக்கெதுக்கு வம்பு? சட்டத்தை மதிச்சு ஈரமாவே மடிச்சுட்டேன்."

அந்த வாரம் முழுவதும் லைட்ஹவுஸ் ஈரச் சட்டையோடு அலுவலகம் போனார். ஃபேனுக்கு அடியில் நின்று தும்மினார். சகாக்கள், "என்ன லைட்ஹவுஸ், அலை அடிச்சுடுச்சா?" என்று கேட்டார்கள். மாமியாரிடம் கோபப்பட அவருக்கு ஒன்றுமில்லை. மாமியாரின் கொடிகள் போனால் அந்த வீட்டின் அடுப்பில் பாதி அணைந்துவிடும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? ஆனால் கடல் தெரிகிறதே, அதை என்ன செய்வது?

மாமியார் ஆட்சேபம் கொடுத்தார். ஒரு காலையில் அதிகாரியம்மா நேரிலேயே வந்துவிட்டார். தெருவே கூடிவிட்டது. அதிகாரியம்மா உயரத்தில் லைட்ஹவுஸின் முழங்கைக்குக் கொஞ்சம் மேலே. தெரு நடுவில் நின்று பார்த்தார்.

"எனக்கு மதில்தான் தெரியுது. நீங்க எங்க நின்னு பாத்தீங்க?"

"இதே இடந்தான் மேடம்."

அதிகாரியம்மா அவரை அண்ணாந்து பார்த்தார். பக்கத்திலேயே தினமும் வேலை பார்த்தாலும், நாற்காலியில் உட்கார்ந்தபடி வரைபடத்தைப் பார்த்தே பழகியவர், அவரை முழுசாக நிற்கவைத்துப் பார்த்தது அன்றுதான். அந்த அம்மாளின் முகம் வெளிறியது.

"அப்போ... அந்த பஸ் டிப்போ?"

"அங்கயும் நல்லாத் தெரியும் மேடம்."

"ஆஸ்பத்திரி?"

"ஒரு ஓரமாத் தெரியும்."

"கடவுளே" என்று அதிகாரியம்மா அங்கிருந்த துணி மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ளயப் பாதியா மடிச்சுட்டு மறுபடி பாருங்கம்மா!" என்றார் மாமியார். கூட்டம் சிரித்தது.

கடைசியில் அதிகாரியம்மா ஒரு வழி சொன்னார். தெருவிலுள்ள பெரியவர்கள் எல்லோரும் உயரப்படி வரிசையாக நிற்க வேண்டும். சரியாக நடுவில் வருகிறவர்தான் சட்டம் சொல்கிற அந்த 'ஒருவர்'. உடனே தெரு இரண்டாகப் பிரிந்தது. மாடியில் தொட்டி வைத்திருந்தவர்கள் எல்லாம் திடீரென்று கூன் விழுந்து நின்றார்கள். வாசலில் நாற்காலி போட ஆசைப்பட்டவர்கள் நெஞ்சை நிமிர்த்தினார்கள். "செருப்பைக் கழட்டுங்கடீ!" என்று மாமியார் பெண்களை விரட்டிக்கொண்டு வரிசை நெடுக ஓடினார்.

நடுவில் வந்து நின்றவர் சலூன்காரர். வாசலில் நாற்காலி போட்டு, கடல்காற்றில் சவரம் செய்வதாகப் பலகை மாட்டக் கனவு கண்டுகொண்டிருந்தவர். தெரு நடுவில் போய் நின்றதுமே, "தெரியுது!" என்றார்.

"குதிகால் தரையில இருக்கட்டும்."

"இருக்கே மேடம்."

அதிகாரியம்மா குனிந்து பார்த்தார். குதிகாலுக்கு அடியில் ஒரு பூனைக்குட்டி ஒண்டிக்கொள்ளலாம். சலூன்காரர் இறங்கினார்.

"இப்போ?"

"இப்பவும் தெரியுது."

"என்ன தெரியுது?"

"கடல்தான் மேடம்! நீலமா, பளபளன்னு. ரெண்டு கப்பல் போகுது. ஒண்ணு பெருசு, அது பின்னாடியே ஒரு சின்னது, அம்மா பின்னால புள்ள போற மாதிரி."

இவ்வளவு விவரமாகச் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? அதிகாரியம்மா பேனாவைத் திறந்தார். மாமியார் பேசவில்லை. தலையைத் தூக்கி மாடியில் ஆடிக்கொண்டிருந்த விரிப்புகளை ஒருமுறை பார்த்தார். அவர் பேசாமல் இருந்து லைட்ஹவுஸ் பார்த்ததே இல்லை. அது அவருக்கு என்னவோ செய்தது. மதில் பக்கம் திரும்பினார்.

"மேடம், கப்பல் இல்லைங்க."

"நல்லாப் பாத்தீங்களா?"

"ஒரு படகுகூட இல்லை. கடல் நீலமாவும் இல்லை. பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கு."

"இப்பதான் போச்சு மேடம்! திரும்பறதுக்குள்ள போயிடுச்சு!" என்றார் சலூன்காரர்.

"போறதுக்கு அது என்ன ஆட்டோவா?" மாமியாருக்குக் குரல் திரும்பி வந்துவிட்டது. "சவரம் பண்ற கையோட எங்க வயித்துலயும் கத்தி வெக்கப் பாத்தியே!"

சலூன்காரர் லைட்ஹவுஸைப் பார்த்துப் பொருமினார். "ஸ்டூல் மேல ஏறி நின்னு உமக்கு முடி வெட்டறேன். அந்த நன்றிகூட இல்லையே!"

"கப்பல் இருந்திருந்தா இருக்குன்னு சொல்லியிருப்பேங்க" என்றார் லைட்ஹவுஸ். அது உண்மை என்பதால் மாமியார் அவரை ஒரு முறை முறைத்தார்.

கண்ணாடித்தாளிலிருந்து அந்தத் தெருவின் கோடு அழிந்தது. கூடவே இன்னொன்றும் நடந்தது. ஊர் முழுவதையும் மறுபடி பார்க்க வேண்டும், சலூன்காரரின் கண் உயரத்தில். சலூன்காரரையே அனுப்பலாம் என்றால், அவர் பார்க்கிற தெருவிலெல்லாம் கப்பல் போகும். அதிகாரியம்மா இருவரையும் அருகருகே நிறுத்திப் பார்த்தார். சலூன்காரரின் கண், லைட்ஹவுஸின் சட்டையில் இரண்டாவது பொத்தானுக்கு நேராக வந்தது.

"முட்டியை மடக்குங்க. இன்னும். இன்னும் கொஞ்சம். ஆங், அப்படியே நில்லுங்க. நாளைக்கு பஸ் டிப்போலேர்ந்து ஆரம்பிச்சுடுங்க."

அன்று சாயங்காலம் லைட்ஹவுஸ் மொட்டைமாடியில் ஒத்திகை பார்த்தார். முட்டியை மடக்கி, முதுகை நிமிர்த்தி, கொடிகளுக்கு நடுவே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முதல் தடவையாக ஒரு விரிப்புகூட அவர் முகத்தில் அறையவில்லை. எல்லாம் காற்றில் கிளம்பித் தலைக்கு மேலேயே ஆடின. மாமியார் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பதான் மாப்ள பாக்க அளவா இருக்கீங்க" என்று சொல்லி, நன்றாகக் காய்ந்த சட்டை ஒன்றை அவர் தோளில் போட்டார்.

லைட்ஹவுஸுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அத்தை, நீங்க நிக்கற எடத்துலேர்ந்து கடல் தெரியுதா?"

"எங்கேர்ந்து தெரியும்? பெட்ஷீட் மறைக்குதே!"

லைட்ஹவுஸ் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் காற்று திரும்பி, ஈரத் தலையணை உறை ஒன்று வந்து அதை மூடிவிட்டது.