லேமினேஷன் போட்ட கார்டு

அந்த விளையாட்டின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அடுத்த கேள்வி, "இப்ப அது என்ன விலைக்குப் போகும்?" என்பதாகத்தான் இருக்கும். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. விநோதப் பிராணிகளின் படம் போட்ட கார்டுகளைச் சேர்த்து, மாற்றிக்கொண்டு, எதிராளியின் கார்டுகளோடு மோதவிடுகிற விளையாட்டு. இவ்வளவு தெரிந்தால் போதும்.

எனக்கும் அக்காவுக்கும் அது சிங்கப்பூரில் வேலை பார்த்த மாமா மூலம் வந்து சேர்ந்தது. அப்போது நாங்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தோம். வீடு அல்லிநகரத்தில். லீவுக்கு வந்த மாமா பெட்டியைத் திறந்து தைலம், சோப்பு எல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டு, கடைசியில் பத்துப் பதினைந்து பளபளப்பான பாக்கெட்டுகளை எங்கள் மடியில் கொட்டினார். "அங்கன பிள்ளைக எல்லாம் இதுக்குத்தான் அடிச்சுக்கிருதுக" என்றார். அதற்கு மேல் அவருக்கும் ஒன்றும் தெரியாது. பாக்கெட்டில் இருந்த விதிமுறைத் தாள் எங்களுக்குப் புரியவில்லை. நாங்களாகவே விதிமுறை போட்டுக்கொண்டு விளையாடினோம்.

கடைசி பாக்கெட்டில்தான் அந்த மான் இருந்தது. கொம்புகளுக்கு நடுவே நிலாவைத் தாங்கி நிற்கிற மான். சாய்த்துப் பிடித்தால் நிலா மின்னும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்து இழுத்ததில் வலது மேல்முனை மடங்கி, வெள்ளையாக ஒரு கோடு விழுந்துவிட்டது. சண்டை முற்றி அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "கிணத்துத் தண்ணிக்கு முறை வச்சிருக்கோம்ல, அது மாதிரி ஆளுக்கு ஒரு மாசம் வச்சுக்கங்க. அதுக்கு மேல சத்தம் வந்துச்சு, அடுப்புல போட்ருவேன்."

அந்த முறை எங்களுக்குள் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. அக்காவைச் சின்னமனூரில் திராட்சைத் தோட்டக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்த பிறகும் நிற்கவில்லை. மாதாமாதம் அலைய முடியாது என்பதால் ஆறு மாதமாக மாற்றிக்கொண்டோம். தை மாதம் பொங்கல் சீர் கொண்டுபோகும்போது, பித்தளைப் பானைக்குள் அரிசிக்கும் வெல்லத்துக்கும் மேலே, ஒரு கவரில் மான் போகும். ஆடிக்கு அவள் பிறந்த வீடு வரும்போது என்னிடம் திரும்பி வரும். அக்கா மாமியார் ஒரு தடவை அந்தக் கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "என்னமோ பத்திரம்னுல்ல நெனச்சேன்" என்றாராம். நாங்கள் இருவரும் போனில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஓர் ஆடியில் அவள் கார்டை லேமினேஷன் போட்டுக் கொண்டுவந்தாள்.

நம் ஊரில் உயிராக நினைக்கிற எதையும் லேமினேஷன் போட்டுவிடுவோம். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், செத்துப்போனவரின் போட்டோ. ஆனால் இந்தக் கார்டுகளைச் சேர்க்கிறவனிடம் போய் லேமினேஷன் என்று சொல்லிப் பாருங்கள், நெஞ்சைப் பிடித்துக்கொள்வான். சூடு பட்டு, பசை ஒட்டி, கார்டு செத்துவிடும். திரும்பப் பிரிக்கவும் முடியாது. நான் அதைக் கையில் வாங்கவில்லை. "மழைத்தண்ணி பட்ருச்சுடி, பாதுகாப்பா இருக்கட்டுமேன்னு ஜெராக்ஸ் கடையில குடுத்தேன். எனக்கென்ன தெரியும்?" என்று அவள் தேம்பித் தேம்பி அழுதாள். எனக்குள் எரிந்தது. ஆனாலும் அழுகிறவளை என்ன செய்வது? "விடுக்கா, கார்டுதான. நீ அழுகாத" என்று முதுகைத் தடவிக் கொடுத்தேன். பிறகு அதைப் பார்க்கவே மனம் வரவில்லை. பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்துவிட்டேன். என் முறை முடிந்ததும் எடுத்துக் கொடுப்பேன், அவள் கொடுத்தால் வாங்கி வைப்பேன். ஒரு தடவைகூட உற்றுப் பார்க்கவில்லை.

போன ஐப்பசியில் என் வீட்டுக்காரருக்குத் திடீரென்று இதில் ஆசை வந்தது. அவருக்குப் போடியில் ஏலக்காய் வியாபாரம். கூட வியாபாரம் செய்கிற யாரோ பழைய கார்டு ஒன்றைக் காட்டியிருக்கிறார். "ஏய், எது பழசு எது புதுசுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? சொல்லிக் குடு" என்று மழை நாளில் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாமா கொடுத்ததில் மிச்சமிருந்த கார்டுகளைப் பரப்பிக்கொண்டு பாடம் ஆரம்பித்தேன்.

முதலில் ஓரத்து அடையாளம். கீழ் மூலையில் வட்டம் இருந்தால் சாதாரணம், சாய்சதுரம் இருந்தால் கொஞ்சம் அரிது, நட்சத்திரம் இருந்தால் அரிது. அடுத்தது, எந்த செட் என்பது. இரண்டாவது செட்டிலிருந்து படத்துக்குக் கீழே வலது பக்கம் ஒரு குட்டி முத்திரை இருக்கும். செட்டுக்கு ஒன்று. முதல் செட்டில் மட்டும் அந்த இடம் காலியாக இருக்கும். இரண்டாவது என்று ஒன்று வரும் என்று போட்டவர்களுக்கே அப்போது தெரியாதல்லவா! அந்த முதல் செட்டையும் பல தடவை அச்சடித்தார்கள். ஆகப் பழைய அச்சில் படச்சட்டத்துக்கு வலப்பக்கம் நிழல் விழாது; எங்கள் மான் அந்த அச்சுதான். பின்னால் அடித்தவற்றில் சாம்பல் நிறத்தில் நிழல் இருக்கும். அடிவரியில் வருடமும் கூடியிருக்கும்.

ஏலக்காயைக் கண்ணாலேயே ரகம் பிரிக்கிற மனிதர், அரை மணி நேரத்தில் பிடித்துக்கொண்டார். "சரி, உங்க மானை எடு. அதுதான பெரிய இது" என்றார்.

தயங்கித்தான் எடுத்தேன். வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"நிழல் இருக்கே."

"அது பிளாஸ்டிக் நிழல். ஒரு நாள் பாடத்துல பெரிய ஆளாயிட்டீகளோ?" என்று கடித்தேன்.

அவர் சட்டைப்பையிலிருந்து காய் பார்க்கிற லென்ஸை எடுத்து நீட்டினார். பார்த்தேன். நிழல் இருந்தது. அடிவரியில் வருடம் பிந்தியிருந்தது. வலது மேல்முனையைப் பார்த்தேன். மடிப்பும் இல்லை, வெள்ளைக் கோடும் இல்லை. நேற்றுக் கடையில் வாங்கியதுபோல முனை கூராக நின்றது. இது எங்கள் மான் இல்லை.

மறுநாளே சின்னமனூருக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அவளுக்காக நானே சாக்குத் தேடினேன். ஜெராக்ஸ் கடைக்காரன் மாற்றியிருப்பானோ, வீட்டுக்கு வந்த யாராவது எடுத்திருப்பார்களோ. அக்காவாக இருக்கக்கூடாது என்று சாமியை எல்லாம் கும்பிட்டேன்.

அவள் வீட்டில் தனியாகச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கார்டை அவள் முன்னால் வைத்து, "இது எது?" என்றேன். அவள் கார்டைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"வித்துட்டேன்" என்றாள். "ஆன்லைன்ல கேட்டாக. நல்ல காசு. எனக்குன்னு ஒரு வண்டி வேணும்னு இருந்துச்சு. இங்கன ஒவ்வொண்ணுக்கும் அவுக வண்டியை எதிர்பார்த்து நிக்க முடியல."

அந்த ஸ்கூட்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போட்டவளே நான்தான். அக்கா சொந்தக் காசில் வாங்கிவிட்டாள் என்று தெரு முழுக்கப் பெருமை பேசியவளும் நான்தான்.

"வித்தது போகட்டும். லேமினேஷன் எதுக்குப் போட்ட?"

"புதுசு ஒண்ணு மலிவா வாங்குனேன். சும்மா குடுத்தா நீ தொட்ட உடனே கண்டுபிடிச்சிருவ. லேமினேஷன் போட்டுட்டா நீ மனசு வெறுத்துப்போய் ஏறெடுத்தும் பாக்கமாட்டன்னு தெரியும்."

கார்டு போனது அந்த நிமிடத்தில் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. என்னைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததை எல்லாம் என் மேலேயே பிரயோகித்திருக்கிறாள். நான் எங்கே உடைவேன், எதைப் பார்க்க மாட்டேன், யார் அழுதால் இளகுவேன் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறாள். நாலு வருடம் சீர்ப் பானையில் இந்தப் பிளாஸ்டிக்கை வைத்து நானும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன், அவளும் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கியிருக்கிறாள். துரோகி என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கிக்கொண்டு வேறொன்றைக் கேட்டேன்.

"அப்ப அந்த அழுகை?"

"அது நெசம். வித்ததுக்குத்தான் அழுதேன். நீ லேமினேஷனுக்குன்னு நெனச்சுக்கிட்ட."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லக்கா. வித்துக்கன்னு குடுத்திருப்பேனே! நான் என்ன உனக்கு அந்நியமா?"

அவள் வெங்காயத்தைத் தட்டில் போட்டாள். அவளுக்கும் கோபம் வந்துவிட்டது.

"குடுத்திருப்ப. யாரு இல்லைன்னா? குடுத்துட்டு, வண்டியை எடுக்கும்போதெல்லாம் சாகுறவரைக்கும் சொல்லிக் காட்டியிருப்ப."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லிக் காட்டியிருப்பேன்தான்.