நோட்டின் நடுப்பக்கம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஐம்பத்திரண்டு வயதுவரை கனவு என்று ஒன்று கிடையாது. வந்திருந்தாலும் பல் துலக்கி முடிப்பதற்குள் மறந்துபோயிருக்கும். படுத்தால் கட்டை, எழுந்தால் வேலை என்று இருந்த மனுஷன். அவரைப் போய் அந்தக் கனவு பிடித்துக்கொண்டது. கம்பி அறுந்த லிஃப்டுக்குள் நின்றபடி கீழே போய்க்கொண்டே இருப்பார். தரை மட்டும் வராது.

விழித்தால் சட்டை தொப்பலாக நனைந்திருக்கும். பல்லைக் கடித்ததில் தாடை விண்விண்ணென்று வலிக்கும். உள்ளங்கையில் நகம் பதிந்த தடங்கள்.

"நீங்க விழுறது சரிங்க, என்னை எதுக்கு உதைக்கிறீங்க?" என்று மனைவி முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்பாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். மறுவாரமே படுக்கையை ஜன்னலோரம் மாற்றிக்கொண்டாள்.

மகள்தான் வழி சொன்னாள். ஓர் அலுவலகத்தில் ஏழாம் மாடியில் வேலை பார்ப்பவள். எதையும் படித்துவிட்டுத்தான் பேசுவாள்.

"கனவுக்குள்ளயே இது கனவுன்னு தெரிஞ்சிட்டா பயம் போயிடும்பா. பகல்ல அப்பப்ப மூக்கைப் பொத்தி மூச்சு விட்டுப் பாருங்க. மூச்சு வந்தா கனவு, வரலைன்னா நிஜம். பழகிட்டா தூக்கத்துலயும் கை தானா மூக்குக்குப் போகும். எழுந்ததும் கனவை ஒண்ணு விடாம எழுதுங்க. எழுத எழுதத்தான் ஞாபகத்துல நிக்கும்."

மறுநாளிலிருந்து மோட்டார் அறையிலும் பஸ்ஸிலும் மூக்கைப் பொத்த ஆரம்பித்தார். கூட வேலை செய்பவர்கள் சும்மா விடுவார்களா? 'மூக்குப்பொத்தி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பட்ட அவமானத்துக்குப் பலனாவது இருந்ததா என்றால், அதுவும் இல்லை. கனவில் இரண்டு கையும் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்திருக்கும், மூக்குக்கு எந்தக் கை போகும்? ஒரே ஒருமுறை போனது. பொத்திய மூக்கு வழியே மூச்சு வந்தது. 'அட, கனவு!' என்று சந்தோஷப்பட்ட வேகத்தில் விழித்துக்கொண்டார்.

எழுதுவது மட்டும் அளவுக்கு மேல் பலித்தது. சட்டைப் பையில் இருந்தது ஒரே நோட்டு. செய்த வேலையை முன்னாலிருந்து எழுதினார், கனவைப் பின்னாலிருந்து. நாளாக நாளாக விழுகிற கனவு குறைந்து, வேலை செய்கிற கனவு வந்தது. கிரீஸ் நாற்றம், ஸ்பேனர் கனம், இரும்பின் சூடு எல்லாம் அப்படியே நினைவில் நின்றன. மூன்று மாதத்தில் முன்பக்கமும் பின்பக்கமும் நடுவில் வந்து முட்டிக்கொண்டன. அதற்கப்புறம் இடம் கிடைத்த பக்கத்தில் எழுதினார். இதை என்னவென்று சொல்வது? புது நோட்டு வாங்க ஆகும் நேரம் ஐந்து நிமிஷம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கம்பெனிக்குத் தரவேண்டிய மாதப் படிவத்தை நிரப்ப நோட்டைத் திறந்தார். நடுப்பக்கத்தில், போன வெள்ளிக்கிழமை தேதி போட்டு, அவர் கையெழுத்து: 'ஒன்பது மாடிக் கட்டடம். பிரேக் போல்ட் நாலும் தளர்வு. இறுக்கினேன். சிவப்புக் கோடு போட்டேன்.'

இறுக்கிய போல்ட்டின் மேல் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு இழுப்பது அவர் பழக்கம். கோடு போட்டது கண்முன் நின்றது. மணிக்கட்டு வலித்ததும் நினைவிருந்தது. ஆனால் மணிக்கட்டு இப்போதெல்லாம் கனவு கண்டாலும்தான் வலிக்கிறது. செய்தோமா, கண்டோமா? படிவத்தை அப்படியே போட்டுவிட்டு அந்தக் கட்டடத்துக்கு ஓடினார்.

லிஃப்டை நிறுத்தியதும் காய்கறிப் பையோடு நின்ற ஒருவர் எகிறினார். "நேத்து வரைக்கும் நல்லாத்தானேய்யா ஓடிச்சு?"

மெக்கானிக் ஒன்பது மாடியையும் படியேறிப் போனார். மோட்டார் அறைக் கதவைத் திறந்து டார்ச்சை அடித்தார். கோடு இல்லை. ஒன்றில்கூட இல்லை. ஒரு போல்ட்டைத் தொட்டுப் பார்த்தார், விரலுக்கே சுற்றியது. வெள்ளிக்கிழமை தளர்வைப் பார்த்தது நிஜம், இறுக்கியதுதான் கனவு.

அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மூக்கைப் பொத்திப் பார்த்தார். மூச்சு வரவில்லை. நான்கு நாளாக ஒன்பது மாடி ஜனமும் இதில்தான் ஏறி இறங்கியிருக்கிறது.

நான்கையும் இறுக்கினார், கோடு போட்டார், போட்ட கோட்டை விரலால் தொட்டு, ஒட்டிய சிவப்பைப் பார்த்துக்கொண்டார். இப்போது வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் வேலை போகும். கனவையும் வேலையையும் பிரிக்கத் தெரியாதவனை இந்த வயதில் எவன் சேர்த்துக்கொள்வான்? பயமாகத்தான் இருந்தது. இருந்தும் சூப்பர்வைசருக்குப் போன் போட்டார்.

"சார், செய்யாத வேலையைச் செஞ்சதா எழுதி வச்சிருக்கேன். கனவுல செஞ்சிருக்கேன் போல."

சூப்பர்வைசர் வயதில் சின்னவர். திட்டவில்லை.

"அண்ணே, அந்த நோட்டுல இந்த மாதிரி இன்னும் எத்தனை இருக்கு?"

அது அவருக்குத் தோன்றவே இல்லை. போனைக் காதில் வைத்தபடியே பக்கத்தைத் திருப்பினார். ஆறாவது வரியில் கை நின்றது. 'ஏழு மாடி ஆபீஸ். பிரேக் கட்டை தேய்ந்திருந்தது. மாற்றினேன்.' மகள் வேலை பார்க்கிற கட்டடம்.

"சார், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டார்.

"லிஃப்ட்ல ஏறாதேம்மா. கூட இருக்கறவங்களையும் ஏற விடாதே. படியில இறங்குங்க. நான் வந்துட்டே இருக்கேன்."

"என்னப்பா, மறுபடி கனவு கண்டீங்களா?"

"தெரியலம்மா" என்றார். "தெரியலை. அதான் சொல்றேன்."