தஃபீதாவின் களைப்பு

தமன்ஹூர் நகரில் திரைச்சீலை தைத்துப் பிழைத்த தஃபீதாவுக்குப் பதினொரு வருடமாகச் சர்க்கரை நோய். அந்தச் சொல்லை அவள் ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை. யார் கேட்டாலும் "கொஞ்சம் களைப்பு" என்பாள். தெருக்கோடியில் மருந்துக்கடை இருந்தும், ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் போய்த்தான் மாத்திரை வாங்குவாள். வீட்டுக்கு வந்ததும் அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்துப் பொத்தான் டப்பாவுக்குள் போட்டுவிடுவாள்.

எல்லாம் ஒரே மகள் ரிஹாபுக்காக. எதிர்வீட்டுப் பெண்ணின் அம்மா ஊசி போட்டுக்கொள்கிறாள் என்ற ஒரு பேச்சிலேயே அந்தப் பெண்ணுக்கு இரண்டு வரன் தட்டிப்போனது. நாளை பேரப்பிள்ளைக்கும் வரும் என்று பயந்தார்கள். தஃபீதா அதைக் கண்ணால் பார்த்தவள்.

ரிஹாபுக்கு ஃபாத்திஹா ஓதி நிச்சயம் செய்த அன்று, மாப்பிள்ளையின் அம்மா, ஹஜ் போய்வந்த ஹாஜா இன்ஷிராஹ், தட்டிலிருந்து சிவப்பு ஷர்பத்தை எடுத்துத் தன் கையாலேயே நீட்டினாள். பெண்ணைப் பெற்றவள் அதை மறுத்தால் சம்பந்தமே பிடிக்கவில்லை என்றாகிவிடும். தஃபீதா குடித்தாள்.

"இன்னொண்ணு குடிங்க உம்மு ரிஹாப். பிள்ளைங்க வாழ்க்கை இனிக்கட்டும்."

ரிஹாபின் அம்மா என்று ஹாஜா உரிமையோடு அழைத்து நீட்ட, தஃபீதா அதையும் குடித்துச் சிரித்தாள். வந்தவர்கள் போனதும் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்துப் படுத்தவள், மறுநாள் நண்பகலில்தான் தலையைத் தூக்கினாள். ரிஹாப் விசாரித்தபோதும் அதே களைப்புதான்.

பெண் குடிபோகும் வீட்டுக்குத் திரைகள் தைப்பது பெண்வீட்டாரின் பொறுப்பு. செருப்பு வழுக்கும் என்பதால் அவள் வெறுங்காலால்தான் தையல் மெஷினை மிதிப்பாள். தரையில் கிடந்த குண்டூசி எப்போது பாதத்தில் ஏறியதென்று அவளுக்குத் தெரியாது. காலில் உணர்ச்சி செத்து வெகுநாளாகியிருந்தது. திரையின் ஓரத்தில் ரத்தக்கறையைப் பார்த்த பிறகுதான் தேடினாள். தினமும் பாதத்துக்கடியில் ஒரு கண்ணாடியைப் பிடித்துப் பார்த்திருந்தால் போதும். அரை நிமிட வேலை. மருத்துவரிடமாவது உடனே போயிருக்கலாம். கல்யாணம் முடியட்டும் என்று துணியைச் சுற்றிக்கொண்டு மூன்று வாரம் நடந்தாள். மணமகள் வீட்டார் வரிசையில் நின்று கையும் தட்டினாள். அதற்கடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள்.

மெஷினில் மாட்டிக்கொண்டது என்று ஊருக்குச் சொன்னாள். காலால் மிதிக்கும் மெஷின் விரலை எப்படி வெட்டும் என்று யாரும் கேட்கவில்லை. ரிஹாபும் கேட்கவில்லை. ஒருநாள் பொத்தான் தேடும்போது மாத்திரைகளைப் பார்த்துவிட்டு, டப்பாவை அப்படியே மூடி வைத்தவள் அவள்.

ரிஹாபுக்கு ஆறாம் மாதம். பரிசோதனைத் தாளைப் புரட்டிய மருத்துவர், ரத்தத்தில் சர்க்கரை கூடியிருப்பதாகவும், வயிற்றுப் பிள்ளை அளவுக்கு மீறிப் பருத்திருப்பதாகவும் சொன்னார். ஒரு பக்கம் தஃபீதா உட்கார்ந்திருந்தாள், மறுபக்கம் ஹாஜா.

"குடும்பத்துல யாருக்காவது சக்கரை இருக்கா?"

ரிஹாப் அம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை. "யாருக்கும் இல்ல டாக்டர். எனக்கும் ஒண்ணுமில்ல. கொஞ்சம் களைப்பு, அவ்வளவுதான்."

தஃபீதா மகளைத் திரும்பிப் பார்த்தாள். தன் வாயிலிருந்து வந்த அதே சொல், அதே இழுப்பு. குனிந்து செருப்பைக் கழற்றிக் காலை முன்னால் நீட்டினாள்.

"எனக்கு இருக்கு. சக்கரை. பதினோரு வருஷமா. இத மெஷின் எடுக்கல."

மருத்துவர் காலைப் பார்த்தார், தலையசைத்தார், ரிஹாபுக்கு ஊசி மருந்து எழுதத் தொடங்கினார்.

"அன்னைக்கு ரெண்டு கிளாஸ் குடிச்சீங்களே" என்றாள் ஹாஜா மெதுவாக.

"நீங்க குடுத்தீங்க. குடிச்சேன்."

"முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா இவள எடுத்திருப்பீங்களா?"

மகனிடம் எப்படிச் சொல்வது என்ற யோசனை ஹாஜாவின் முகத்தில் அப்போதே தெரிந்தது.

படியிறங்கும்போது ரிஹாப் அம்மாவை நெருங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"நான் எப்படியாவது சமாளிச்சிருப்பேன். உன்ன யாரும்மா கேட்டா?"

"ஊசிய விட்டுடாத. கால தினமும் பாரு."

வாசலில் துக்துக் ஆட்டோ நின்றது. ஹாஜா ஏறினாள், ரிஹாப் ஏறினாள். அந்த வண்டியில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். இருவரில் யாரும் நகர்ந்து உட்காரவில்லை.