பாகூர்க்காரர் வரைந்த வேல்ஸ் மாவட்டம்

மூன்று வருஷத்துக்கு முன்பு, பெங்களூரு ஓசூர் ரோட்டில், பொம்மசந்திராவில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் நடந்தது இது. வெளிநாட்டிலிருந்து பழைய மேப்புகளை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். நாங்கள் கம்ப்யூட்டரில் அதன்மேல் எல்லைக்கோடு வரைந்து, கோட்டுக்குள் இருக்கும் இடத்துக்குப் பேர் கொடுத்துத் திருப்பி அனுப்புவோம். ஒருவர் வரைவார், இன்னொருவர் சரிபார்ப்பார். நான் சரிபார்க்கும் ஆள். ஏழு வருஷ சர்வீஸ். வேல்ஸ் எந்தத் திசையில் இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் திருதிருவென்று முழித்திருப்பேன். ஆனால் அங்கே ஓடும் எல்லைக்கோடு சரியா தப்பா என்று சொல்லும் அதிகாரம் என்னிடம் இருந்தது.

அந்த மாதம் வந்தவை வேல்ஸின் பழைய கவுண்டிகள். கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. அதில் ஃபிளின்ட்ஷையர் என்று ஒன்று, வடகிழக்கு மூலையில், ஓர் ஆறு கடலில் சேரும் இடத்தை ஒட்டி நீளமாகக் கிடக்கும். அதை வரைந்தவர் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பிள்ளைகளுக்காகப் பல வருஷம் வேலையை விட்டிருந்து மறுபடி வந்தவர். ஆறு மாத ப்ரொபேஷனில் அது அவருக்குக் கடைசி வாரம். அதற்குள் மூன்று பெரிய தப்பு விழுந்தால் வேலை நிரந்தரம் ஆகாது என்பது எங்கள் ஆபீஸ் விதி. அவருக்கு ஏற்கெனவே இரண்டு விழுந்திருந்தது.

அவர் வரைந்ததை ஒரு வெள்ளிக்கிழமை திறந்தேன். கவுண்டி ஓரிடத்தில் இருக்க, தென்கிழக்கே பல மைல் தள்ளி, பக்கத்துக் கவுண்டிக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே கிடந்த ஒரு பெரிய துண்டுக்கும் ஃபிளின்ட்ஷையர் என்றே பேர் கொடுத்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தத் துண்டைப் பக்கத்துக் கவுண்டியோடு சேர்த்தேன். கூடவே கண்ணில் பட்ட சில்லறைத் துணுக்குகளையும் துடைத்துவிட்டு, பெரிய தப்பு என்று குறித்தேன். மூன்றாவது.

அரை மணி நேரத்தில் என் இடத்துக்கே வந்துவிட்டார்.

“சார், அது தப்பு இல்ல. பழைய மேப்லயே அப்பிடித்தான் கலர் அடிச்சிருக்கான்.”

“நடுவுல இன்னொரு மாவட்டத்த வுட்டுட்டு ஒரு மாவட்டம் எப்பிடி மேடம் தாண்டிக் குதிக்கும்?”

“குதிக்கும் சார். எங்க ஊரு பாகூர் பக்கம். பாண்டிச்சேரிதான், ஆனா டவுன்லேந்து பஸ்ல வந்தா நடுவுல தமிழ்நாடு வந்துட்டுப் போவும். பிராந்திக்கடை போர்டப் பாத்தே எந்தப் பக்கம் இருக்கோம்னு சொல்லிடுவோம்.”

“வேல்ஸ்ல பிராந்திக்கடை எங்க மேடம் இருக்கு, கொஞ்சம் காட்டுங்க” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். சுற்றியிருந்த எட்டுப் பேரும் சிரித்தார்கள். அவர் திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

நானும் பள்ளிக்கூடத்தில் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று ஒப்பித்தவன்தான். அந்த நேரத்தில் அது ஞாபகம் வரவில்லை. வந்திருந்தாலும் ஒத்துக்கொண்டிருப்பேனா என்பது சந்தேகம்.

திங்கட்கிழமை காலை, மேப்போடு அனுப்பவேண்டிய குறிப்பை எழுத உட்கார்ந்தேன். அதற்காக, கவுண்டிகளின் வரலாறு பற்றி வாடிக்கையாளர் அனுப்பியிருந்த முப்பது பக்கக் கோப்பைத் திறந்தேன். வேலை தொடங்கிய அன்றே எல்லாருக்கும் வந்த கோப்பு அது. நான் அதுவரை திறந்ததே இல்லை. எழுநூறு வருஷத்துக்கு முன்பு இங்கிலாந்து ராஜா வேல்ஸைப் பிடித்தபோது, தன் கையில் வைத்துக்கொண்ட நிலங்களைச் சேர்த்து ஃபிளின்ட்ஷையரை உண்டாக்கினாராம். நடுவில் இருந்த நிலம் வேறொரு பிரபுவுக்குப் போய்விட்டது. ஆகவே அந்தக் கவுண்டி பிறக்கும்போதே துண்டு துண்டாகத்தான் பிறந்திருக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் ஜனங்கள் அதை அப்படியே வைத்துக் குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள்.

சத்தம் போடாமல் அந்தத் துண்டைப் பழையபடி மாற்றினேன். மேப் சரியாகிவிட்டது, யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் பேரில் மூன்றாவது தப்பு அப்படியே இருந்தது. சாயங்காலம் அவருடைய பேப்பர் எச்.ஆருக்குப் போகவேண்டும். டீம் லீடர் பதவிக்கு என் பேர் போயிருந்த நேரம் வேறு. மத்தியானம் வரை நான் வாய் திறக்கவில்லை. எழுதவே கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான்.

சாப்பிட்டுவிட்டு வரும்போது பார்த்தேன். மேஜைமேல் வைத்திருந்த பிள்ளைகள் போட்டோவை அவர் துப்பட்டா நுனியால் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அதற்குமேல் என்னால் என் இடத்தில் உட்கார முடியவில்லை. நேராக மேனேஜர் அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன்.

மேனேஜர் கன்னடக்காரர். “ஏன்ரீ, நீவே ஓதில்வா?” என்றார். நீங்களே படிக்கவில்லையா என்று. இல்லை என்றேன். அந்தத் தப்பு அந்தப் பெண்ணின் பேரிலிருந்து எடுக்கப்பட்டு என் பேரில் ஏறியது. அவர் வேலை நிரந்தரமாயிற்று. டீம் லீடர் பதவி அந்த வருஷம் வேறொருவருக்குப் போனது.

விஷயத்தை வரைந்தவரிடம் நானே போய்ச் சொன்னேன். ஒரு தேங்க்ஸாவது வரும் என்று எதிர்பார்த்துத்தான் போனேன், வெட்கக்கேடு. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“சிரிச்சது எல்லார் முன்னாடியும் சார். இத மட்டும் ரூமுக்குள்ள போயி சொல்லிட்டு வரீங்க.”

மறுநாள் காலை டீம் மீட்டிங்கில் அந்த மேப்பைப் பெரிய திரையில் போட்டேன். இது இரண்டு துண்டாக இருக்கும் கவுண்டி, இவர் வரைந்ததுதான் சரி, படிக்காமல் அழித்தது நான், அன்று கேலி செய்ததும் தப்பு என்று சொன்னேன். காது இரண்டும் சுட்டது. ஒருவழியாக முடிந்தது என்று நான் உட்காரப் போனபோது அவர் கை தூக்கினார்.

“ரெண்டு துண்டு இல்ல சார். நடுவுல கொஞ்சம் பெருசு பண்ணிப் பாருங்க. ஒரு குட்டித் துண்டும் வரைஞ்சிருந்தேன், அதையும் தொடச்சிட்டீங்க.”

பெரிது செய்தேன். பழைய மேப்பில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு, அதே கலரில், அதுவும் இருந்தது. முழு டீமும் சிரித்தது. இந்த முறை அவரும் சேர்ந்து சிரித்தார், என்னைப் பார்த்து.

இப்போது நான் வேறு ஆபீஸில் இருக்கிறேன். அங்கேயும் சரிபார்க்கும் வேலைதான். தப்பு என்று குறிக்கக் கை போகும்போதெல்லாம் எழுந்து, வரைந்தவர் இடத்துக்கே போய், ஏன் இப்படி வரைந்தீர்கள் என்று முதலில் கேட்டுவிடுகிறேன். இவ்வளவு சின்னக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொள்வதற்குள் ஒருவரைப் பிள்ளைகள் போட்டோவைப் பைக்குள் எடுத்துவைக்கும் அளவுக்குக் கொண்டுபோய்விட்டேனே என்பது இன்றும் உறுத்துகிறது.